வீட்டைப் பார்த்துப் போட்ட கிரேடு

ஒரு தலைமை ஆசிரியர் காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படி என்னதான் செய்கிறார் என்ற கேள்வி எனக்கு நாற்பத்தெட்டாவது வயதில் வந்தது. படிக்கிற காலத்திலேயே வந்திருக்க வேண்டியது. அப்போது அவர் அறை வாசலில் இரண்டு முறை முட்டி போட்டது தவிர அவரோடு எனக்கு வேறு சகவாசம் இருந்ததில்லை.

நான் வேலை பார்ப்பது நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிகளைக் கவனிக்கிற அலுவலகத்தில். குமாஸ்தா உத்தியோகம். பிறந்து வளர்ந்ததும் இதே டவுன்ஷிப்தான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மைன்ஸில் சேர்ந்தவர். ஒரு நவம்பர் மாதம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கட்டுப் படிவம் வந்தது. பள்ளிகளை நிர்வகிக்கிற பதவிகளையெல்லாம் மறுபடி எடை போட்டு கிரேடு நிர்ணயிக்கப் போகிறார்களாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று கிரேடு. எந்தப் பள்ளியின் தலைமைப் பதவி எந்த கிரேடில் விழுகிறதோ அதற்கேற்ற சம்பள விகிதம். இதில் கவனிக்க வேண்டியது, கிரேடு ஆளுக்கு இல்லை, நாற்காலிக்கு. உட்கார்ந்திருப்பவர் கெட்டிக்காரரா மக்கா என்பதைப் பற்றிப் படிவம் மூச்சே விடவில்லை.

சரி, நாற்காலியை எப்படி எடை போடுவது? அதற்கு ஓர் அட்டவணை இருந்தது. மாணவர் எண்ணிக்கைக்கு இத்தனை புள்ளி, கீழே வேலை பார்ப்பவர்களின் எண்ணிக்கைக்கு இத்தனை, பொதுத்தேர்வு மையம் என்றால் கொஞ்சம், ஆய்வகம் இருந்தால் கொஞ்சம். எல்லாவற்றையும் கூட்டினால் கிரேடு. எனக்கு அந்த அட்டவணை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனதால்தான் சந்தேகமும் வந்தது. ஐந்நூறு பிள்ளைகள் இருந்தால் மேல் கிரேடு என்றால், நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவர் எந்த விதத்தில் இளைத்துப்போனார்? கணக்கெடுக்கிற மாதம் பார்த்து ஒரு குடும்பம் மாற்றலாகிப் போய்விட்டால் தலைமை ஆசிரியரும் ஒரு படி கீழே இறங்கிவிட வேண்டியதுதானா?

எங்கள் பிரிவின் கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டேன். அவர் ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. அவர் எழுந்ததும் அந்த நாற்காலி எனக்கு என்று அலுவலகத்தில் பேச்சு இருந்தது. அதனால் அவரிடம் கொஞ்சம் அடக்கமாகவே பேசுவேன், என் சுபாவத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

"ஏம்மா, அட்டவணையைப் போய் ஏன்னு கேக்குறியே" என்றார். "இட்லி ஏன் வட்டமா இருக்கு? தட்டுல குழி வட்டமா இருக்கு, அதனால வட்டமா இருக்கு. போயி எல்லாருகிட்டயும் படிவத்த வாங்கிட்டு வா, போ."

படிவங்கள் வரத் தொடங்கின. படிக்கப் படிக்க ஒரே வேடிக்கை. பெரிய மேல்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் 'கடமைகள்' என்ற கட்டத்தில் 'இணைப்பு காண்க' என்று எழுதிவிட்டு ஆறு தாள் இணைத்திருந்தார். வளாகத்து முந்திரி மரங்களை ஏலம் விடுவதற்குக்கூட அதில் தனி எண் இருந்தது. இன்னொருவர் 'குரங்கு விரட்டுதல் – மேற்பார்வை' என்று எழுதியிருந்தார். குரங்கை விரட்டுகிறவர் வாட்ச்மேன். விரட்டுகிறாரா என்று பார்க்கிறவர் தலைமை ஆசிரியர். அட்டவணைப்படி விரட்டுகிறவருக்குப் புள்ளி கிடையாது, பார்க்கிறவருக்கு உண்டு. டீ குடித்துக்கொண்டே படித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

கடைசியாக வந்தது ஓரத்துப் பள்ளியின் படிவம். டவுன்ஷிப் முடிகிற இடத்தில், சுரங்கத்துக்கு நிலம் போய் இடம்மாறி வந்தவர்களும் கான்ட்ராக்ட் வேலைக்காரர்களும் குடியிருக்கிற பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி உண்டு. அதன் படிவத்தில் கடமைகள் கட்டத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'திறப்பது முதல் பூட்டுவது வரை எல்லாம்.' கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே 'தலைமை ஆசிரியை (பொ)'.

பொ என்றால் பொறுப்பு. நிரந்தரமாக ஒருவரைத் தலைமைப் பதவியில் போடாத பள்ளியில், அங்கிருக்கிற ஆசிரியர் ஒருவரையே 'நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடுவார்கள். வேலை தலைமை ஆசிரியர் வேலை, சம்பளம் பழைய ஆசிரியர் சம்பளம். அந்த ஒற்றை எழுத்து என்னை உறுத்தியது. ஏனென்றால் அந்த அம்மாவை எனக்குத் தெரியும். அவர் நான்காம் டைப் வீட்டில் இருப்பவர்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் வீடு சுரங்கக் கம்பெனி கொடுப்பது. கிரேடு ஏற ஏற வீட்டின் டைப்பும் ஏறும். இங்கே வளர்ந்த எங்களுக்கு ஒருவருடைய உத்தியோகத்தைத் தெரிந்துகொள்ள அவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, வாசலைப் பார்த்தால் போதும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் "எந்த பிளாக், என்ன டைப்?" என்று கேட்டுவிடுவார்கள். மற்ற ஊரில் முகத்தைப் பார்த்து மரியாதை கொடுப்பார்கள், நாங்கள் போர்ட்டிகோவைப் பார்த்துக் கொடுப்போம். அது சரியா தப்பா என்று நாங்கள் யாரும் யோசித்தது கிடையாது.

அந்த அம்மாவின் வீட்டைத் தாண்டித்தான் என் பஸ் தினமும் போகும். சுற்றிலும் தோட்டம், இரண்டு பலா மரம், கார் நிற்க இடம். கடைத்தெருவில் பார்த்தாலும் கோயிலில் பார்த்தாலும் "வணக்கம் ஹெச்.எம். மேடம்" என்பேன். அவரும் லேசாகத் தலையசைப்பார்.

சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 'இடைநிலை ஆசிரியை' என்று இருந்தது. போன வருஷப் பட்டியலிலும் அப்படியே. அதற்கு முந்தின வருஷமும். பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன், அந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் என்று ஒருவர் பட்டியலில் இருந்த இடத்துக்கு வரப் பதினோரு வருஷம் போயிற்று. பக்கத்து மேசையில் விசாரித்ததில் வீடு அவர் கணவருடையது என்று தெரிந்தது. கணவர் அனல்மின் நிலையத்தில் அதிகாரி. "அடக் கடவுளே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பதினோரு வருஷமாக ஒரு பள்ளியை நடத்துகிறவருக்கு கிரேடே இல்லை, ஊரில் ஒருவருக்கும் அது தெரியவும் இல்லை.

எனக்கு மூக்கு அரிக்க ஆரம்பித்தால் சும்மா இருக்க வராது. படிவம் சரியாக நிரப்பப்படவில்லை என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மறுநாளே அந்தப் பள்ளிக்குப் போனேன்.

வாசலில் ஓர் அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்க்காரர், கான்ட்ராக்டில் துப்புரவு வேலை. தலைமை ஆசிரியை எங்கே என்று கேட்டேன்.

"எச்செம்முங்களா? பின்னால தண்ணி டேங்குகிட்ட இருக்காங்க பாருங்க. மோட்டாரு ஓட மாட்டேன்னு அடம்புடிச்சிகினு இருக்குது, அத்தோட சண்ட போட்டுகினு இருக்காங்க" என்றார். பிறகு அவராகவே, "காத்தாலயே ரெண்டு வூட்டுக்குப் போயிட்டு வந்துட்டாங்க. புள்ளைங்க வர்லன்னா வூடு வூடா தேடிகினு போயி இஸ்துகினு வந்துடுவாங்க. எங்க எச்செம்மு மாதிரி யாரு இருக்காங்க சொல்லுங்க" என்றார்.

பின்பக்கம் போனேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஸ்பானரோடு நின்றிருந்தார்.

"வணக்கம் டீச்சர்" என்றேன்.

திரும்பி என்னை ஒரு விநாடி பார்த்தார். "வா அம்மிணி" என்றார். முப்பது வருஷம் நெய்வேலியில் இருந்தும் அவருடைய ஈரோட்டுப் பேச்சு போகவில்லை. "இதப் புடி" என்று ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டு மோட்டாரின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். அது ஓடியது.

அன்று முழுக்க நோட்டும் பேனாவுமாக அவர் பின்னாலேயே சுற்றினேன். மணி அடிக்கிறவர் வரவில்லை, அவரே அடித்தார். கணக்கு ஆசிரியர் விடுப்பு, ஏழாம் வகுப்புக்கு அவரே கணக்கு நடத்தினார். வளையமாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் வந்து பெண்ணின் படிப்பை நிறுத்தப் போகிறேன் என்றார். அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முக்கால் மணி நேரம் பேசி, பெண்ணை வகுப்பில் விட்டுவிட்டுத் தனியாகப் போக வைத்தார். ஒரு பையனுக்கு மூக்கில் ரத்தம், ஒரு வகுப்பில் தேனீ. மத்தியானத்துக்குள் என் நோட்டில் இருபத்து மூன்று வேலைகள் சேர்ந்துவிட்டன. அதற்குமேல் எழுதக் கை வலித்தது.

"இதையெல்லாம் படிவத்துல எழுதியிருக்கலாமே டீச்சர்?" என்றேன். "ஒருத்தர் குரங்கு விரட்டுறதையே மேற்பார்வைன்னு எழுதிப் புள்ளி வாங்கப் பாக்குறாரு."

"இங்க கொரங்க நானேதான் வெரட்டறேன். மேற்பார்வை பாக்கறது அந்தக் கொரங்குதான், மரத்து மேல உக்காந்துக்கிட்டு" என்றார். சிரிக்காமல் சொன்னார். எனக்குத்தான் அடக்க முடியவில்லை.

ஏன் இத்தனை வருஷம் பொறுப்பிலேயே இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. அவர் டிபன் பாக்ஸை மூடினார்.

"மூணு தடவ எழுதிப் போட்டேன் அம்மிணி. 'இப்பதவி வகைப்படுத்தப்பட்ட பட்டியலில் இல்லை'ன்னு மூணு தடவையும் ஒரே பதிலு. பட்டியல்ல ஏனில்லன்னு ஒருத்தருக்கும் தெரியல. சின்னப் பள்ளிக்கூடம், இல்லாதப்பட்ட புள்ளைங்க, இதுக்கெல்லாம் எதுக்கு ஒரு ஹெச்.எம்முன்னு தள்ளி விட்டுட்டாங்க போல. வர்ற மே முப்பத்தொண்ணு எனக்கு ரிட்டயர்மெண்டு. அதுக்குள்ள என்ற சர்வீஸ் புக்குல கடைசி வரி தலைமை ஆசிரியைன்னு இருக்கோணும். பென்சனு கூடும், அதுவும் வேணுந்தான், வேண்டாங்கல. ஆனா அது மட்டுமில்ல." எழுந்துபோய்த் தன் அறைச் சுவரைக் காட்டினார்.

அங்கே கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயின்ட்டில் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர்கள் பெயரும் பணியாற்றிய தேதிகளும் வரிசையாக எழுதியிருந்தன. கடைசிப் பெயரின் தேதி பதினோரு வருஷத்துக்கு முன்னால் முடிந்திருந்தது. அதற்குக் கீழே வெறும் கறுப்பு.

"பொறுப்புப் பாத்தவங்க பேர இதுல எழுத மாட்டாங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. எந்த மகராசன் இந்தப் பள்ளியை வேண்டாம் என்று தள்ளினான்? பழைய கோப்பு எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும். கண்டுபிடித்து, ஆள் இன்னும் பணியில் இருந்தால் நேரில் போய் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை பழைய கோப்புகள் இருக்கும் அறையைத் திறக்கச் சொல்லித் தேடினேன். தூசியில் தும்மித் தும்மி மூன்று மணிக்கு அந்தக் கோப்பு கிடைத்தது. சில தொடக்கப் பள்ளிகளை நடுநிலைப் பள்ளிகளாக உயர்த்திய சமயம் அது. உயர்த்திய பள்ளிகளில் எங்கெங்கே தலைமைப் பதவிக்கு இன்னும் கிரேடு போடவில்லை என்று ஒரு பட்டியல் எடுத்து, அதை மட்டும் கிரேடு நிர்ணயிக்கிற கமிட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பட்டியலுக்கான கைக்குறிப்பு பின்னால் இருந்தது. நான்காவது வரி ஓரத்துப் பள்ளி. எதிரே நீல மையில்: 'கிரேடு ஏற்கெனவே உள்ளது. அனுப்பத் தேவையில்லை.'

தாளின் அடியில் சுருக்கொப்பம். அது என்னுடையது.

அந்த நாள் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது, அதுதான் கொடுமை. ஸ்டோர்ஸிலிருந்து இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம். ஒவ்வொரு பள்ளிக்கும் சம்பளப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள். சம்பளப் பட்டியல் இருந்தது எதிர்க் கட்டடத்தில். சித்திரை வெயில். மூன்று பள்ளிகளுக்கு எதிர்க் கட்டடம் வரை நடந்து பார்த்துவிட்டு வந்தேன். நான்காவது பள்ளி வந்ததும், அட, இது அந்த நான்காம் டைப் வீட்டு மேடம் ஆயிற்றே, கிரேடு இல்லாமலா அந்த வீட்டில் இருப்பார்கள் என்று எழுதிப் போட்டுவிட்டேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஆக, அந்தப் பள்ளியை எந்தக் கமிட்டியும் தள்ளவில்லை. சின்னப் பள்ளி என்றோ, இல்லாதப்பட்ட பிள்ளைகள் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. கமிட்டி அதைப் பார்க்கவே இல்லை. நான் ஒரு வீட்டைப் பார்த்ததோடு சரி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோப்பைக் கட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். அடுத்த வருஷம் கண்காணிப்பாளர் நாற்காலி. அதற்கும் ஒரு கிரேடு உண்டே, அதற்கும் ஒரு டைப் வீடு உண்டே. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் ஓடவில்லை. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னாச்சு, கடல்தண்ணியில வச்சியா?" என்றார். ரசத்தை எடுத்து அவர் பக்கம் வைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் கோப்பை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனேன். பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒண்ணும் ஆகல. புதுப் பதவின்னு இப்பப் பட்டியல்ல சேத்துடு. பழசக் கிளறாத."

"புதுப் பதவின்னா எப்ப சார் கிரேடு வரும்?"

"ஒரு வருஷம் மாணவர் எண்ணிக்கையப் பாப்பாங்க. அடுத்த வருஷம் இந்நேரம் வந்துரும்."

"அவங்க மே மாசம் ரிட்டயர் ஆகுறாங்க சார்."

கோப்பை மறுபடி புரட்டினார். "விட்டுப்போன பதவின்னு போட்டா இந்தத் தடவ கமிட்டிக் கூட்டத்துலயே வைக்கலாம். ஆனா ஏன் விட்டுப்போச்சு, யாரு விட்டதுன்னு குறிப்புல எழுதணும். எழுதினா உனக்கு மெமோ. மெமோ வந்தா ப்ரமோஷன் தள்ளிப்போகும். சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கப் போறியா? யோசிச்சு செய்."

யோசித்தால் செய்ய மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் யோசிக்காமல் அன்று சாயங்காலமே ஓரத்துப் பள்ளிக்குப் போனேன். குறிப்பு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது பாருங்கள்.

பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். சிவப்புப் பேனாவோடு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சம்பளப் பட்டியல், வெயில், வீடு, நீல மை. அவர் இரண்டு நோட்டுகள் திருத்தி முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லை. பிறகு பேனாவை மூடினார்.

"பதினோரு வருசமா, சின்னப் பள்ளிக்கூடம்னு தள்ளிட்டாங்கன்னு நெனச்சு மனசு வெந்துட்டு இருக்கறேன். மேல இருக்கறவங்கள அத்தன பேரயும் திட்டியிருக்கறேன். கடைசில பாத்தா என்ற வீட்டுக்காரரோட பலா மரத்தப் பாத்து நீ எழுதிப் போட்டது."

"தப்புதான்" என்றேன்.

திடீரென்று சிரித்தார். "அப்ப இந்த ஊருல என்னைய ஹெச்.எம்முனு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீ ஒருத்திதானா அம்மிணி!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சட்டென்று நிறுத்தினார்.

"சிரிச்சுட்டா மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே. எனக்கு எரியுது. ரொம்ப எரியுது." பிறகு நோட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு டேங்குகிட்ட வந்தியே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு நீ சம்பளப் பட்டியலப் பாத்துட்டேன்னு. அதுவரைக்கும் எங்க பாத்தாலும் ஹெச்.எம். மேடம்ப. அன்னைக்கு வாயத் தொறந்ததும் டீச்சர்ன்ன."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. பட்டியலில் 'இடைநிலை ஆசிரியை' என்று படித்த மறுநாளே என் நாக்கு தன் போக்கில் அவரை ஒரு படி இறக்கிவிட்டிருக்கிறது. ஸ்பானரோடு நின்ற ஆள் அதே ஆள்தான். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் குறிப்பு எழுதினேன். 'மேற்படி ஆசிரியை குடியிருந்த வீட்டின் டைப்பை வைத்து, பதவிக்கு கிரேடு உள்ளது என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். சம்பளப் பட்டியலைப் பார்க்கவில்லை.' கண்காணிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்படியே எழுதிட்டியே! 'கவனக்குறைவு'ன்னு ஒரு வார்த்தைல முடிச்சிருக்கலாமேம்மா." கவனக்குறைவு என்று எழுதினால் எதைக் கவனித்தேன் என்பது தெரியாமல் போய்விடும் என்றேன். என் நோட்டிலிருந்த இருபத்து மூன்று வேலைகளையும் நகலெடுத்து இணைத்தேன். அட்டவணையில் அதற்கு இடமில்லை என்றார். தெரியும் என்றேன்.

கமிட்டி கூடுவதற்குள் ஏப்ரல் ஆகிவிட்டது. உள்ளே என் குறிப்பை வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்களாம். ஒருவர்கூட நம்பாமல் இல்லையாம். வெளியூரிலிருந்து வந்த கமிட்டியாக இருந்திருந்தால், இப்படியும் ஒரு காரணமா, இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று விசாரணை வைத்திருப்பார்கள். இவர்கள் எல்லோரும் டவுன்ஷிப்பில் ஏதோ ஒரு டைப்பில் குடியிருக்கிறவர்கள். தாங்களும் அப்படித்தான் எழுதியிருப்போம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

புள்ளிகளைக் கூட்டினார்கள். பிள்ளைகள் குறைவு, கீழே வேலை பார்ப்பவர்கள் குறைவு, ஆய்வகம் இல்லை. மூன்றாம் கிரேடு, அதுவும் மயிரிழையில். ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி உத்தரவு வந்தது. உத்தரவுத் தேதியிலிருந்துதான் செல்லும், முன்தேதியிட்டுக் கொடுக்க விதியில் இடமில்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. விரல்விட்டு எண்ணினேன். மே முப்பத்தொன்று வரை முப்பத்தெட்டு நாள். அதில் பிள்ளைகள் வருவது நாலே நாள், பிறகு கோடை விடுமுறை. உத்தரவைத் தட்டச்சு செய்தவள் நான்தான். தட்டச்சு செய்யும்போதே அழுகை வந்தது. கைக்குட்டையைத் தேடுகிற மாதிரி மேசை இழுப்பறைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அதே தபாலில் எனக்கான மெமோவும் வந்தது. என் ப்ரமோஷன் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

உத்தரவு வந்து இரண்டு நாள் கழித்து, அவருடைய பணியேற்ற அறிக்கையை வாங்கப் பள்ளிக்குப் போனேன். அந்தக் காகிதத்தைப் பியூனிடம் கொடுத்து வாங்கியிருக்கலாம். நான் போனேன்.

அறையில் அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க, பெயின்டர் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். கீழே துப்புரவு அம்மா துடைப்பத்தைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெயின்டர் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"மேடம், மேல இருக்கிற தேதிக்கும் இந்தத் தேதிக்கும் நடுவுல பதினோரு வருஷம் இடிக்குதே. தப்பா எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"தேதி சரிதான்" என்றார் அவர். "எழுதுங்க."

"அப்ப அத்தினி வருசமா இஸ்கூல யாரு நடத்திகினு இருந்தாங்களாம்?" என்று கேட்டுவிட்டு, துப்புரவு அம்மா கோபமாகத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் மேசையிலிருந்தபடியே பணியேற்ற அறிக்கையை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துக்குக் கீழே பழக்கதோஷத்தில் 'பொ' என்று எழுதி, அதை அடித்திருந்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் தலைமை ஆசிரியர் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. போட்டிருந்தார்.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். "வாழ்த்துகள் டீச்சர்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பத்தெட்டு நாளு குடுத்தீங்க. அதுல ரெண்டு நாளு போயிருச்சு அம்மிணி. இன்னும் டீச்சர்ங்கற."

நான் வாசல் வரைக்கும் போனேன். அங்கிருந்து திரும்பி நின்றேன்.

"வணக்கம் ஹெச்.எம். மேடம். உள்ள வரலாங்களா?"

"ம்" என்றார். "வா. உக்காரு."